சி ஷிப்ட் கண்கள்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் கண் திறந்திருக்கிற படங்கள் மொத்தம் நான்கு. மற்ற எல்லாவற்றிலும் தலை லேசாகச் சாய்ந்து, மோவாய் மாலைக்குள் புதைந்து, கண் மூடியிருக்கும். பார்க்க வருகிறவர்கள், "மாப்பிள்ளைக்கு முருகன் மேல எவ்ளோ பக்தி" என்பார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்புவேன். உண்மை என்னவென்றால், வல்லக்கோட்டைக் கோயிலில் காலை நாலரை-ஆறு முகூர்த்தத்தில், தாலியைக் கையில் வாங்கிய பிறகு, மனுஷன் தூங்கிவிட்டார். குருக்கள்தான் முழங்கையால் இடித்து, "தம்பி, முடிச்சு போடுங்கோ" என்றார். கெட்டிமேளம் ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தைய நாள் காலை ஆறு மணி வரை அவர் சி ஷிப்டில் இருந்தார். அதன்பிறகு பகலும் ராத்திரியும் கல்யாண வேலையில் படுக்கவே இல்லை. சி ஷிப்ட் என்றால் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை. அந்த வேலையில் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே ஒரு நேரம் வரும். நின்றுகொண்டே தூக்கம் வரும். முகத்தில் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் போகாது. எங்கள் ஜாதகத்தைப் பார்த்தவர் சரியாக அந்த நேரத்தில்தான் முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. பஜ்ஜித் தட்டை நீட்டினேன். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். கண் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தது. பேச ஆரம்பித்தவர் நடுவில் ஒரு கொட்டாவி விட்டு, "தப்பா நினைச்சிக்காதீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் கிளம்பிப் போனதும் என் தாய்மாமா, "பையன் தண்ணி போடறான். கண்ண பார்த்தீங்களா?" என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"அது குடிச்ச கண்ணு இல்ல மாமா. சி ஷிப்ட் கண்ணு" என்றேன்.

"உனக்கு எப்டி தெரியும்?"

"கண்ணாடில எத்தனை தடவ பார்த்துகிறேன். எனக்குத் தெரியாதா?"

அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதுதான் நடந்தது. நானும் அப்போது நாலு வருஷமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே வருகிற சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளில் கீறல் இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவருக்கு ஒரகடத்தில். கார்களுக்கான இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ் மெஷின். இரண்டு கம்பெனியிலும் வாரா வாரம் ஷிப்ட் மாறும். ஒரு வாரம் காலையில், மறு வாரம் மதியத்தில், அதற்கடுத்த வாரம் ராத்திரியில். உடம்பு ஒரு வாரத்துக்குப் பழகி முடிக்கும்போது அந்த வாரம் முடிந்துவிடும். இதை வேறு யாருக்காவது என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்குச் சொல்ல வேண்டாம். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

வடக்குப்பட்டில் மாடிப் போர்ஷன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு ரூம், ஒரு சமையலறை, சின்ன பால்கனி. குடிபோன முதல் வாரமே ஜன்னலுக்கு அட்டையடித்தோம். கம்பெனியில் தூக்கிப்போடுகிற பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, இரண்டு அடுக்கு வைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்குக் கை தெரியாது. மே மாதத்தில் அந்த ரூம் இட்லிப் பானை மாதிரி இருக்கும். ஈர லுங்கியை மேலே போட்டுக்கொண்டு தூங்குவார். அரை மணியில் லுங்கி காய்ந்துவிடும். எழுந்து நனைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படுப்பார்.

கீழ் வீட்டில் வீட்டுச் சொந்தக்கார அக்கா இருந்தார். நிலத்தை எல்லாம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் மாடி கட்டி வாடகைக்கு விட்டவர்கள். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது தவிர மற்ற நேரமெல்லாம் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில்தான் இருப்பார். எங்கள் தூக்கத்துக்குக் காவல் அவர். ஸ்பீக்கர் கட்டின காய்கறி வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நடுத்தெருவுக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்துவார்.

"யோவ், அத அமுத்து. மேல புள்ள தூங்கிகினு கீது."

"மணி பதினொண்ணு ஆவுது, இன்னாக்கா தூக்கம்?"

"உனக்கு பதினொண்ணு. அதுக்கு நடு ராத்திரி. அமுத்துயா."

வண்டிக்காரர் எங்கள் வீட்டைத் தாண்டுகிற வரை ஸ்பீக்கரை அணைத்து, தாண்டினதும் போடுவார். நாங்கள் அந்த அக்காவுக்கு ஒருநாளும் இதற்காக நன்றி சொன்னதில்லை. அவர் காவல் காக்கும்போதெல்லாம் எங்களில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தோமே.

தேதி கிழிக்கிற காலண்டர் எங்களுக்குப் பத்தாது. பெரிய மாசக் காலண்டர் வாங்கி அதில் அவர் ஷிப்டை ஊதாவிலும் என் ஷிப்டை சிவப்பிலும் எழுதுவோம். இரண்டு கம்பெனியிலும் ஷிப்ட் மாறுகிற வரிசை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் வருகிற வாரம் மாதத்தில் ஒன்றுதான் வரும், ஆளில்லை என்று யாரையாவது மாற்றிப் போட்டால் சில மாதம் அதுவும் வராது. மற்ற வாரங்களில் ஒருவர் படுக்கும்போது மற்றவர் எழுந்திருப்போம். அவர் சி ஷிப்டிலும் நான் காலை ஷிப்டிலும் இருக்கிற வாரம் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. என் கம்பெனியில் காலை ஷிப்ட் ஏழு மணிக்குத்தான். அவர் கம்பெனி பஸ் அவரைக் கொண்டுவந்து விடுகிற இடத்தில்தான் என் கம்பெனி பஸ் என்னை ஏற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷம். அங்கே ஒரு டீக்கடை. எனக்கு டீ, அவருக்கு அரை டம்ளர் பால். டீ குடித்தால் தூக்கம் கெட்டுவிடும். அவர் பாலைக் குடித்துக்கொண்டே அந்த ராத்திரி மெஷினில் நடந்ததைச் சொல்லுவார். நான் வீட்டில் என்ன குழம்பு வைத்திருக்கிறேன், எது பிரிட்ஜில் இருக்கிறது என்று சொல்லுவேன். கல்யாணமான முதல் வருஷத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசினதெல்லாம் அந்தப் பத்து நிமிஷங்களில்தான். பஸ் தாமதமாக வந்தால் திட்டுகிற கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேரமாட்டோம்.

கம்பெனியைக்கூடச் சமாளித்துவிடலாம். சொந்தக்காரர்களைச் சமாளிக்க முடியாது. நம் ஊரில் நல்ல காரியம் எல்லாம் விடியற்காலையில். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எதுவாக இருந்தாலும் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். ராத்திரியெல்லாம் நின்றுவிட்டு வந்தவனுக்கு அப்போதுதான் படுக்கப் போகிற நேரம். வரவில்லை என்றால், "கம்பெனி வேலை கெடைச்சதும் ஆளே மாறிட்டான்" என்பார்கள். வந்து மூலையில் சேரில் தூங்கினால், "மாப்பிள்ளை மொகம் குடுத்துப் பேசல" என்பார்கள். அவர் வீட்டு விசேஷங்களுக்கு அவர் பெரும்பாலும் போகமாட்டார். என் வீட்டு விசேஷம் என்றால் நான் விடமாட்டேன், இழுத்துக்கொண்டு போவேன்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் நாலு மாதம் முழுகாமல் இருந்தேன். கம்பெனியில் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். வாலாஜாபாத் பக்கம் என் பெரியப்பா மகன் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தான். காலை ஆறே காலுக்கு அவர் சி ஷிப்ட் முடிந்து வந்து நின்றார். நான் பட்டுப்புடவையில் தயாராக இருந்தேன்.

"நீ பஸ்ல போய்ட்டு வாயேன். ஆறு நாள் நைட்டு. கண்ணு எரியுது" என்றார்.

"எங்க வூட்டு விசேஷம்னா மட்டும் உங்களுக்குக் கண்ணு எரியுது."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, பைக்கை எடுத்தார்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது பதினோரு மணி. நல்ல வெயில். பாயசத்தோடு சாப்பிட்ட சாப்பாடு. ஏரிக்கரையை ஒட்டிய ரோட்டில் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தோம். நான் ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்திருந்தேன். திடீரென்று அவர் உடம்பு கனத்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டிருக்கும்போது, அது ஆழ்ந்து தூங்கிப்போன அந்த நொடியில் ஒரு கனம் ஏறுமே, அந்த மாதிரி. "ஏங்க" என்று கத்தினேன். பைக் ரோட்டை விட்டு இறங்கி, சரிவில் ஓடி, காட்டாமணக்குப் புதரில் மோதிச் சாய்ந்தது.

நான் சேற்றில் உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். கொஞ்சம்கூட அடியில்லை. அவர் என்னைவிட இரண்டு அடி தள்ளி, ஹெல்மெட்டோடு குப்புறக் கிடந்தார். எழ முடியாமல் தவழ்ந்துதான் என்னிடம் வந்தார். ஒரு கை தொங்கியது. "உனக்கு ஒண்ணும் இல்லயே? வயித்துல ஒண்ணும் இல்லயே?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஏரியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து எங்களை மேலே ஏற்றி ஒரு ஆட்டோவை நிறுத்தினார்கள். அவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. அந்த வலியோடு, என் தோளில் சாய்ந்து, ஆஸ்பத்திரி வரும் வரை அவர் தூங்கிக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் மயக்கம் என்று நினைத்து வேகமாக ஓட்டினார். மயக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? விழித்திருக்கும்போது பார்த்ததைவிடத் தூங்கும்போதுதானே அவரை அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, துடிக்கிற ஒரு புள்ளியைக் காட்டினார். அதுவரைக்கும் அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். கையைத் தொட்டில் மாதிரி துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார்.

"திட்றதுன்னா திட்டிடு. இப்டி இருக்காத."

"நான்தான உங்கள இழுத்துக்கினு போனேன்" என்றேன்.

"நீ இழுத்துக்கினு போன. ஓட்னது நான்." தோளில் கட்டின துணியைச் சரிசெய்துகொண்டார். "ஆனா நான் தூங்கணும்னு தூங்கல. லைட்ட ஆஃப் பண்ற மாதிரி யாரோ ஆஃப் பண்ணிட்டாங்க. எனக்கே பயமாகீது."

ஆறு வாரம் ஓய்வு என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஆறு வாரமும் மனுஷன் ராத்திரியில் வீட்டில் இருப்பார், ஆசை தீரத் தூங்குவார், கண் வெளுத்துவிடும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. கம்பெனிதான் அவருக்கு லீவு கொடுத்திருந்தது. உடம்பு தன் பாட்டுக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சில நாள் ராத்திரி எட்டு மணிக்கே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலை தொங்கும். படுத்தால் பன்னிரண்டுக்கு விழிப்பு வந்துவிடும். அதன்பிறகு விடிகிற வரை உட்கார்ந்திருப்பார். சில நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும். கம்பெனி கேன்டீனில் அந்த நேரத்துக்குச் சோறு போடுவார்கள். வயிறு அதை நினைவு வைத்திருந்தது. காலையில் எழுந்தால் மோர்ச்சோறு சாப்பிட்ட கிண்ணத்தை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நாலு நாள் போட்டார். மறுநாள் முழுக்கத் தலையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்.

ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, எதுக்கு இப்டி உக்காந்துகினு இருக்கீங்க?"

"சும்மா. நீ தூங்கறத பார்த்தா பொறாமையா கீது. எப்டித்தான் உன்னால முடியுதோ."

கட்டு பிரித்த பிறகு, கனம் தூக்கக் கூடாது என்பதால், அவருடைய சூப்பர்வைசர் முயற்சி எடுத்து அவரை ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்தார். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. ஜெனரல் ஷிப்ட். கூட வேலை செய்கிறவர்கள், "லாட்டரி அட்ச்சிட்ட" என்று முதுகில் தட்டினார்களாம். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வருவார். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் வாரம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் பேசி முடித்துப் பழகிவிட்டோம், அதனால் பத்து நிமிஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஸ்டோரில் கணக்கு எழுதும்போது கண்ணைச் சுழற்றும். ராத்திரி படுத்தால் கண் கொட்டக்கொட்ட விழித்திருப்பார். சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரம் அவர் தூங்கி நான் பார்க்கவில்லை. எனக்கு எட்டு மாதம் ஆயிற்று, வயிறு பெரிதாயிற்று, அவர் இன்னும் அந்த நாற்காலியில்தான்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். நான் போகவில்லை. அம்மா மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறார். காலை நாலு மணிக்கு அங்கே மாவு ஊற்ற வேண்டும். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள முதலில் அவர் வீட்டில் இருக்க வேண்டுமே. லீவு கிடைக்கிற நாளில் வந்து பத்தியக் குழம்பு வைத்துவிட்டுப் போனார். குழந்தையைக் குளிப்பாட்டுவது கீழ் வீட்டு அக்கா.

பெண் குழந்தை. பகல் முழுக்கத் தூங்கும். எழுப்பிப் பால் கொடுத்தாலும் வாயில் வைத்துக்கொண்டே தூங்கும். ராத்திரி பதினொன்று அடித்தால் கண்ணை அகல விரித்துக்கொண்டு கையைக் காலை ஆட்ட ஆரம்பிக்கும். கீழே போட்டால் அழும். அக்கா குளிப்பாட்டும்போது அதன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா பொண்ணு, இது அப்பன் மாதிரியே சி ஷிப்ட்ல ஜாய்ன் பண்ணிகீது" என்றார். தையல் போட்ட வலியிலும் நான் சிரித்துவிட்டேன்.

மூன்றாவது ராத்திரியோ நாலாவதோ, நான் பால் கொடுத்து முடித்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். அவர் வந்து குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நீ படு. நான் எப்டியும் முழிச்சிகினுதான் இருக்கப் போறேன்."

அன்றிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. பால் கொடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு நான் படுத்துவிடுவேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடப்பார். தூக்கக் கலக்கத்தில் அவர் குரல் கேட்கும். தாலாட்டு எல்லாம் அவருக்குத் தெரியாது. பிரஸ் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருப்பார். "இப்போ தகட வெக்கறோமா, கைய எடுத்துடணும். ரெண்டு பட்டனையும் ஒண்ணா அமுத்தணும். ஒண்ணு அமுத்துனா வேலை செய்யாது. ஏன்னா இன்னொரு கை உள்ள இருக்கலாம்ல?" பசித்து அது சிணுங்கும்போது கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். கொடுக்கும்போது, ஷிப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைப்பது மாதிரி ரிப்போர்ட்.

"ரெண்டு தடவ ஈரம். ஒரு ஏப்பம். நடுவுல பத்து நிமிஷம் அழுகை, காரணம் தெரியல. இப்போ லைன் கிளியர்."

ஒரு விஷயம் அப்போது எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமாக ராத்திரியில் விழித்திருப்பதற்காக அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது முதல்முறையாக அதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன் இப்போது நடமாடிக்கொண்டிருந்தார். அவருடைய அந்த முகத்தை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காலையில் எட்டு மணிக்கு அவர் பஸ் ஏறும்போது கால் தடுமாறுவதையும் பார்த்தேன். ஏரிக்கரை ஞாபகம் வரும்.

குழந்தைக்கு இரண்டாவது மாதத்தில் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் அரை நாள் லீவில் வீட்டில் இருந்தார். நர்ஸம்மா ரூமை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பகல் பதினொரு மணிக்கு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இது ரூமா, சினிமா தியேட்டரா? இதுல கெடந்தா கொழந்தைக்கு எது பகல் எது ராத்திரின்னு எப்டி தெரியும்? பொறக்கும்போது அதுங்களுக்கு அது தெரியாது. வெளிச்சத்தப் பார்த்துப் பார்த்துத்தான் கத்துக்கும். காலைல எழுந்ததும் வெளிய தூக்கினு போங்க. பகல்ல சத்தம் இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். ராத்திரி லைட்ட கொறைச்சிடுங்க. பால் குடுங்க, துணி மாத்துங்க, படுக்க வைங்க. வெளையாட்டு, பேச்சு எதுவும் கூடாது."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பேசவே கூடாதா?"

"பேசறதெல்லாம் காலைல பேசுங்க. யாரு வேணாம்னா?" நர்ஸம்மா அவர் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க எத்தனை மணிக்குத் தூங்கறீங்க?"

நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்ததையும் சேர்த்து. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸம்மா ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டே, "அப்போ ரெண்டு பேரும் ஒண்ணா நில்லுங்க வெயில்ல. உங்களுக்கும் அதேதான். டெய்லி ஒரே நேரத்துல எழுந்திருங்க, தூக்கம் வந்தாலும் வராட்டியும். டீய மதியத்தோட நிறுத்துங்க. ஒரு மாசம் பாருங்க, சரியாவலைன்னா மறுபடி டாக்டர பாருங்க. வெக்கப்படாதீங்க" என்றார்.

நர்ஸம்மா போன கையோடு ஜன்னல் அட்டைகளைப் பிரித்தோம். டேப் சுவரோடு ஒட்டிக்கொண்டு பெயிண்டை உரித்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் சுவரைத்தான் பார்த்தோம். அந்தச் சுவர் வெள்ளை என்று நினைத்திருந்தேன். வெளிர்பச்சை.

மறுநாள் காலையிலிருந்து ஆறரை மணிக்கு அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நிற்பார். முதல் சில நாள் நின்றபடியே ஆடுவார். அக்கா உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "உக்காந்துக்க தம்பி, கொழந்தைய போட்டுடப் போற" என்றார். ஷிப்டுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். எல்லாருக்கும் குழந்தையைக் காட்டுவார். ராத்திரி பேச முடியாததை எல்லாம் அங்கே உட்கார்ந்து அதனிடம் பேசித் தீர்ப்பார். காய்கறி வண்டி வந்தால் அக்கா இப்போது கையைக் காட்டுவதில்லை. "இன்னும் கொஞ்சம் சவுண்டா வைய்யா, பாப்பா தூங்கிடப் போவுது" என்று அவரே சொல்லுவார். வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ராத்திரிகள்தான் கஷ்டமாக இருந்தன. குழந்தை விழித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் திரும்பச் சிரிக்காமல், பேசாமல், இருட்டில் துணியை மாற்றிவிட்டுப் படுக்க வைப்பார். "பாவம்டி, என்னப் பார்த்து சிரிக்குது" என்று என்னிடம் கிசுகிசுப்பார். கண்ணில் தண்ணீர்கூட இருந்திருக்கும், இருட்டில் தெரியவில்லை.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. ஒருநாள் நன்றாகப் போகும், மறுநாள் இரண்டு பேரும் விடிய விடிய விழித்திருப்பார்கள். குழந்தைதான் முதலில் கற்றுக்கொண்டது. மூன்றாவது மாதக் கடைசியில் ஒருநாள் எனக்குத் திடுக்கிட்டு விழிப்பு வந்தது. நைட்டி பாலில் நனைந்திருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. பயந்துபோய்த் தொட்டிலில் கையை விட்டேன். குழந்தை மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். மணி மூன்றரை. வாயைக் கொஞ்சம் திறந்து, ஒரு கையைத் தொட்டில் கயிற்றில் மாட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. நல்லவேளை, எழுப்பவில்லை. ஈர நைட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாறி மாறி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு முழுசாகச் சரியாக, பெண் தவழ ஆரம்பிக்கிற வரை ஆயிற்று. இப்போதும் ஏதாவது ஒரு நாள் வேலை இழுத்து நேரம் கெட்டால், ஒரு வாரம் அவஸ்தைப்படுவார். ஆனால் கண் வெளுத்துவிட்டது. என் தாய்மாமாவே சொன்னார், மாப்பிள்ளை குடியை நிறுத்திவிட்டாரே என்று. நான் மறுக்கவில்லை. சொந்தக்காரர்களிடம் இப்போது நான்தான் முதல் ஆளாகச் சொல்லிவிடுகிறேன்: விடியற்காலை விசேஷத்துக்கு எங்களை எதிர்பார்க்காதீர்கள், மதியம் வந்து பார்க்கிறோம் என்று. சிலருக்கு மனவருத்தம்தான். இருக்கட்டும்.

பெண் ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் நான் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போனேன். மறுபடி மூன்று ஷிப்ட். இப்போது சிவந்த கண் எனக்கு. அவர் கேட்டார், "வேணுமா உனக்கு?" என்று. பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுவரைக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான் பகலில் படுக்கிறேன். ஜன்னலுக்கு அட்டை கூடாது என்று அவர் ஒரே பிடிவாதம். நல்ல கனத்த திரைச்சீலை வாங்கிப் போட்டிருக்கிறார், வேண்டும்போது இழுத்துக்கொள்ள.

போன சனிக்கிழமை அப்படிப் படுத்திருந்தேன். அவருக்கும் பெண்ணுக்கும் லீவு. பாதித் தூக்கத்தில் மாடிப்படியில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது.

"கடிக்காத. சத்தம் வரும்."

"அப்போ எப்டிப்பா சாப்பிடறது?"

"வாயிலயே வெச்சிக்க. ஊறட்டும். அப்புறம் முழுங்கு."

எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு டப்பா முறுக்கு. இரண்டு பேர் கன்னமும் பின்னாலிருந்தே தெரிகிற மாதிரி உப்பியிருந்தது. நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.